சவரிமுத்துவின் புள்ளியில்லாக் கடிதம்

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
2 செப்டெம்பர் 2024

அன்புள்ள பிள்ளை சிந்தியாவுக்கு,

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்கமாட்டேன் என்கின்றன. 'ழ' மேலே ஏறுகிறது, 'கு' கீழே விழுகிறது. வடக்கே மீன் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கத்தி பிடித்த கை இது. பேனையையும் கத்தி போலவே அழுத்துகிறது. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், விரலாலேயே வாசிக்கலாம்.

எழுபத்து நான்கு வயதில் நான் எழுதும் முதலாவது கடிதம் இது. மனைவி இருந்தவரை வாசிப்பது, எழுதுவது, கையெழுத்துக்கு இடம் காட்டுவது எல்லாம் அவர்தான். அவர் பக்கத்தில் இல்லாத இடங்களில் "கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்" என்று சொல்லி முப்பது வருடம் ஊரை ஏமாற்றினேன். தை மாதத்திலிருந்து ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு சின்னக் கதிரையில் இருந்து படித்தது உங்களுக்குத் தெரியும். "போன் வேண்டாம் ஐயா, எழுதுங்கள், நானும் கையாலேயே பதில் எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கோபன்ஹேகன் ஆவணங்களைப் படிக்கப் போனீர்கள். அதுதான் எழுதுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் தேநீர் இரண்டு முறை ஆறிவிட்டது. சந்தோசமாக இருக்கிறது.

நீங்கள் இருந்த கீழ் வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன். ஜன்னல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஒரு தவறும் செய்தேன். உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தில் சொல்லிவிட்டேன். நோர்வேயும் டென்மார்க்கும் ஒரே அரசனின் கீழ் இருந்த காலத்தில் தரங்கம்பாடியில் அவர்களுக்கு ஒரு கோட்டை இருந்தது, அங்கே நம்மவர்களும் சிப்பாய்களாக இருந்தார்கள், அவர்களின் தலைவர் சவரிமுத்து 1781இல் "எங்களுக்குக் கோட்டையில் ஆள வேண்டும்" என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தார், அது வருகிற வருடம் ஒஸ்லோக் கண்காட்சியில் சுவர் முழுக்க வரப்போகிறது என்று சொன்னேன். சங்கத் தலைவர் யோகராசா எழும்பி நின்று கைதட்டினார். "வெள்ளைக்காரனிட்டை நேரை கேட்டிருக்கிறான் பாருங்கோ!" என்றார். எனக்கு நானே கேட்ட மாதிரி இருந்தது.

இதை இப்போதே சொன்னது பிழையோ? உங்கள் வேலை மார்கழியோடு முடிகிறது, இந்த வரியை நம்பித்தான் கண்காட்சியை நடத்தும் நோரா உங்களுக்கு இரண்டு வருடம் நீட்டித் தருவதாகச் சொன்னார், வேலை இல்லையென்றால் நாட்டில் இருக்க அனுமதியும் இல்லை. இதெல்லாம் தெரிந்தும் வாயை மூடமுடியவில்லை. ஏதும் கெட்டுப்போகுமா என்று மூன்று நாளாக யோசனை.

அந்தக் கோட்டையின் கதையை எழுதுங்கள். வாசிக்க எனக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
அருட்செல்வம்


கோபன்ஹேகன்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை ஆவணக் காப்பகத்தின் கேன்டீனில் பிரித்தேன். பின்பக்கத்தைத் தடவியும் பார்த்தேன். எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று: பாதிப் புள்ளிகளைக் காணோம். 'கண்ணாடி' என்பது 'கணணாடி' என்று இருக்கிறது. எனக்குப் பழக்கம்தான், தினமும் இப்படிப்பட்ட எழுத்தைத்தான் படிக்கிறேன். அந்தக் காலத்தில் யாரும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். 'கோ'வுக்கும் 'கொ'வுக்கும் வித்தியாசம் கிடையாது. நீங்கள் இருநூற்று நாற்பது வருடம் தாமதமாகப் பிறந்துவிட்டீர்கள்!

சங்கத்தில் சொன்னது பரவாயில்லை. ஆனால் இனிமேல் யாரிடமும் வேண்டாம், ப்ளீஸ். கண்காட்சி எழுத்துகள் அக்டோபர் 21ஆம் தேதி அச்சுக்குப் போகின்றன. அதுவரை எதுவும் நடக்கலாம். ஆறு வருடமாக ஆறு மாதம், எட்டு மாதம் என்று காண்ட்ராக்டில் ஓட்டுகிறேன். இரண்டு வருடம் என்ற வார்த்தையை நோரா வாயால் கேட்டபோது பயம்தான் முதலில் வந்தது.

கோட்டைக் கதை கேட்டீர்களே. 1779இலேயே தரங்கம்பாடியைச் சுற்றிப் போர். கோட்டையில் காய்ச்சலில் போனவர்கள் போக மிச்சம் கொஞ்சம் பேர். தளபதி கூடுதல் வீரர்கள் வேண்டும் என்று கோபன்ஹேகனுக்கு எழுதுகிறார். கடிதம் கடல் வழியாக வந்து சேர எட்டு மாதம். படைத்துறை பதில்: "கோட்டை வணிகத்துறைக்குச் சொந்தம், அவர்களிடம் கேட்கவும்." மறுபடி எட்டு மாதம். வணிகத்துறை பதில்: "வீரர்கள் சரக்கு அல்ல, படைத்துறையிடம் கேட்கவும்." இதற்கிடையில் ஒரு அதிகாரி தாமாகவே ஒஸ்லோவில் நாற்பது பேரைத் திரட்டி, துறைமுகக் கோட்டையில் தயாராக வைத்துவிட்டார். அவர்களை ஏற்றுவது எந்தத் துறையின் கப்பல் என்பதில் தகராறு. நாற்பது பேரும் அங்கேயே பனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தளபதி நான்கு முறை கேட்டார். ஐந்தாவது முறை கேட்டபோது, சவரிமுத்து எழுதிய கடிதத்தையும் கூடவே வைத்து அனுப்பினார்.

அதன் பிரதி ஒன்றை உங்களுக்கு வைத்திருக்கிறேன். பாதி பூச்சி தின்றுவிட்டது. புள்ளி வைக்காத இன்னொருவரின் எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
சிந்தியா


ஹவுகெட்டோ
16 செப்டெம்பர் 2024

அன்புள்ள பிள்ளை,

கடிதம் வந்தது. இங்கே தபால்காரர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறார். வராத நாளிலும் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

சவரிமுத்துவின் தாளைக் குசினி மேசையில் விரித்து நான்கு நாள் வாசித்தேன். உங்களைப் போல் ஒரு பார்வையில் பிடிக்க என்னால் முடியாது. ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுத்தான் வாசிப்பேன். மேல் பாதியில் ஒன்றுமே இல்லை. கீழே இந்த வரி மட்டும் முழுசாக இருக்கிறது. அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

எஙகளுககு கொடடையில ஆள வெணடும

எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை. இருநூற்று நாற்பது வருடத்துக்கு முந்தின ஒரு மனிதன் சொன்னதை இடையில் யாரும் வாசித்துக் காட்டாமல் நானே வாசித்தேன். பக்கத்து வீட்டு ராசமலரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "அண்ணை, குளிர்காலத்துக்கு மீன் என்ன விலை எண்டு எழுதியிருந்தாலும் நீங்கள் இப்பிடித்தான் துள்ளுவியள்" என்றார். அவருக்கு அப்படித்தான் வாய்.

ஆனால் அந்த நாற்பது பேரை நினைத்தால் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது. நேற்று ட்ராமில் அந்தத் துறைமுகக் கோட்டைப் பக்கம் போனேன். இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே ஆட்கள் இல்லை, நடுவில் இரண்டு மேசைகள். எங்கள் அகதி விண்ணப்பமும் இப்படித்தான் ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வடக்கே வார்டோவில் இருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கப்பல் போனதா? விரைவாக எழுதுங்கள்.

இன்னொரு புதினம். ஒக்டோபரில் லில்லெஸ்ட்ரோம் மண்டபத்தில் சங்கத்தின் கலைவிழா. கதிரை அடுக்கவும் சமைக்கவும் ஆட்கள் போதாது. அறிவித்தல் எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். நம்மவர்கள் எல்லாரும் சாமான் வாங்க வரும் குறொன்லாண்ட் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் ஒட்டப்போகிறேன். என் கையெழுத்து, குறொன்லாண்டில்!

உங்கள் அன்பு
அருட்செல்வம்


கோபன்ஹேகன்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள ஐயா,

கப்பல் போனது. எப்படிப் போனது என்று கேளுங்கள்.

தளபதியின் ஐந்தாவது கடிதத்தோடு சவரிமுத்துவின் தாளும், அங்கேயிருந்த துபாஷி செய்த டேனிஷ் மொழிபெயர்ப்பும் வந்து சேர்ந்தன. "இந்தக் கோட்டையில் நாங்கள் ஆட்சி செய்ய விரும்புகிறோம்." அவ்வளவுதான். இரண்டு வருடமாக ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்த துறைகள் ஒன்பதே நாளில் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன. ஐயா, நான் தேதிகளை மூன்று முறை சரிபார்த்தேன். ஒன்பது நாள். உதவி கேட்டபோது இரண்டு வருடம், ஆட்சி கேட்டதும் ஒன்பது நாள்! இதைத்தான் சுவரில் போடப் போகிறோம். நான் ஒஸ்லோவில் இருந்தபோது நோரா இந்த இடத்தைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

நாற்பது பேரும் புறப்பட்டார்கள், ஆனால் உத்தரவு மாறிவிட்டது. கோட்டையைக் காப்பதற்கு அல்ல, சிப்பாய்களின் ஆயுதத்தைப் பறிக்க. கப்பல் கரைக்கு வந்தபோது சவரிமுத்து ஓடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. தன் ஆட்களோடு கடற்கரைக்கே வந்து வரிசையில் நின்றிருக்கிறார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. "அஞ்சாத செருக்கு" என்று நான் எழுதியிருக்கிறேன். அங்கேயே விலங்கு போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

நல்ல செய்தி: இரண்டு வருட நீட்டிப்புக்கான தாள் தயாராகிவிட்டதாம். அச்சுக்குப் போனதும் கையெழுத்து. ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். கீழ் வீட்டை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்!

அன்புடன்,
சிந்தியா


ஹவுகெட்டோ
28 செப்டெம்பர் 2024

அன்புள்ள பிள்ளை,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் குரல் கேட்டதும் வேறு எதையாவது கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். அதோடு, இது காதுக்குத் தெரியாது. கண்ணுக்குத்தான் தெரியும்.

என் அறிவித்தலை ஒட்டினேன். நான் முதலில் எழுத்தெல்லாம் எழுதிவிட்டு, பிறகு வரிசையாகப் போய்ப் புள்ளி வைப்பவன். அன்று ஒரு புள்ளி தவறிவிட்டது. கடைக் கண்ணாடியில் இப்படி இருந்தது:

எங்களுக்கு மண்டபத்தில் ஆள வேண்டும். அருட்செல்வம்.

இரண்டு மணித்தியாலத்துக்குள் அதைப் படம் எடுத்து எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். ராசமலர் வாசலில் நின்று சிரித்துச் சிரித்து இருமினார். "அண்ணை, எப்ப முடிசூட்டு விழா? சொன்னால் சீலை எடுக்கலாம்."

யோகராசா சிரிக்கவில்லை. வீட்டுக்கே வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார். "அண்ணை, உங்களுக்குத் தலைவர் பதவி வேணுமெண்டால் பொதுக்கூட்டத்திலை கேட்டிருக்கலாம். மரக்கறிக் கடையிலையோ ஒட்டுறது?"

"தம்பி, கதிரை அடுக்க ஆள் கேட்டனான்."

"எனக்கு வாசிக்கத் தெரியும் அண்ணை. 'ஆள' எண்டு கிடக்கு. 'எங்களுக்கு' எண்டும் கிடக்கு. ஆர் அந்த நீங்கள்? எத்தினை பேர் சேர்ந்திருக்கிறியள்?"

பேனையை எடுத்து, பிள்ளை, அவருக்கு முன்னாலேயே ஒரு தாளில் 'ஆள' என்று எழுதி 'ள'வுக்கு மேல் புள்ளி வைத்துக் காட்டினேன். "இப்ப வைக்கிறியள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனபின் மேசையில் வந்து இருந்தேன். சவரிமுத்துவின் தாள் அங்கேயே கிடந்தது. அந்த வரியைத் திரும்பவும் சத்தம் போட்டு வாசித்தேன்.

நீங்கள்தானே சொன்னீர்கள், அந்தக் காலத்தில் யாரும் புள்ளி வைப்பதில்லை என்று. அப்படியென்றால் அவர் 'ஆள்' என்று எழுதினாலும் 'ஆள' என்றுதானே இருக்கும்? "எங்களுக்குக் கோட்டையில் ஆள் வேண்டும்." தளபதி நான்கு முறை கேட்டதைத்தானே ஐந்தாவது முறை இவரும் கேட்டிருப்பார்? அந்தத் துபாஷி எங்கள் யோகராசாவைப் போன்றவராக இருந்திருப்பார். கதிரையில் இருப்பவருக்கு, யாரோ தன் கதிரையைக் கேட்கிறான் என்றுதான் முதலில் கண்ணில் படும்.

அவர் ஏன் ஓடவில்லை என்று எழுதினீர்கள். ஆள் கேட்டவர், பிள்ளை. ஆள் வந்தது. வரவேற்கப் போனார்.

நான் பிழையாக இருக்கலாம். பிழையாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். உங்கள் இரண்டு வருடம் அந்த ஒரு எழுத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

அருட்செல்வம்

2 ஒக்டோபர். கடிதத்தை நான்கு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்றைக்குப் போடுகிறேன்.


கோபன்ஹேகன்
8 அக்டோபர் 2024

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நீங்கள் ஜனவரியில் எழுத்துப் படிக்க ஆரம்பித்தீர்கள். நான் பதினான்கு வருடமாக இந்தக் கையெழுத்துகளைப் படிக்கிறேன். 'ஆள்' என்றும் 'ஆள' என்றும் இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்பது இந்தத் துறையில் முதல் வாரப் பாடம். கூடவே இருந்த மொழிபெயர்ப்பை வைத்துத்தான் முடிவு செய்வோம். அதைச் செய்தவர் அதே ஊரில், அதே நாளில் இருந்தவர். சவரிமுத்துவை நேரில் தெரிந்தவர். மரக்கறிக் கடை நோட்டீஸை வைத்து வரலாறு எழுத முடியாது.

இன்னும் பதின்மூன்று நாளில் அச்சு. இதை தயவுசெய்து யாரிடமும் பேச வேண்டாம். சங்கத்திலும் வேண்டாம், ராசமலர் அக்காவிடமும் வேண்டாம். உங்களுக்கு இது ஒரு புது விளையாட்டு. எனக்கு இது சாப்பாடு.

சிந்தியா


ஹவுகெட்டோ
13 ஒக்டோபர் 2024

அன்புள்ள பிள்ளை,

கோபித்திருக்கிறீர்கள். "அன்புள்ள" இல்லை, "அன்புடன்" இல்லை. முன்பென்றால் எனக்கு இது தெரிந்திருக்காது. யாராவது வாசித்துக் காட்டும்போது குரலை மாற்றி வாசித்து என்னைக் காப்பாற்றியிருப்பார்கள். எழுத்துப் படித்ததில் இப்படி ஒரு நட்டமும் இருக்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. போன கடிதத்தைத் தபாலில் போடுமுன் ராசமலர் கேட்டார், "என்ன அண்ணை, நாலு நாளாய்க் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறியள், முகமும் சரியில்லை, பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?" குளிர் என்று சொன்னேன்.

கலைவிழாவும் முடிந்தது. கதிரை அடுக்க வந்தது நானும் ராசமலரும்தான். அறிவித்தலைப் பார்த்து இரண்டு கட்சி என்று நினைத்து மற்றவர்கள் தள்ளி நின்றுவிட்டார்கள். யோகராசா என்னோடு கதைக்கவில்லை. இருநூற்றைம்பது கதிரை. நடுவில் ஒருமுறை இருந்துவிட்டேன். அப்போது வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது வருவார்களா என்று. அந்த நேரம் அந்த மனிதனை நினைத்தேன். என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை, கோபிக்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் அது 'ஆள' தான். நான் இனி இதைப்பற்றி எழுதமாட்டேன். நீங்கள் இந்த நாட்டில் இருக்க வேண்டும், கீழ் வீட்டில் விளக்கு எரிய வேண்டும், எனக்கு அது போதும் என்று எழுதத்தான் இருந்தேன். எழுதியும் விட்டேன். வாசித்துப் பார்த்தால் அது முழு உண்மையாகத் தெரியவில்லை. ஆனால் அழிக்கவும் மனம் வரவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அருட்செல்வம்


கோபன்ஹேகன்
18 அக்டோபர் 2024

அன்புள்ள ஐயா,

இதற்கிடையில் நீங்கள் வேறு கடிதம் எழுதியிருந்தால் அது எனக்கு இன்னும் வந்து சேரவில்லை. அது வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் சொல்லித்தான் செய்தேன் என்று ஆகிவிடும்.

முதலில் ஒரு உண்மை. 'ஆள்' என்று படிக்கலாம் என்பது முதல் நாளே என் மனதில் வந்தது. மொழிபெயர்ப்பைப் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது, அதற்கு மேல் தேடவில்லை. தேட வேண்டாம் என்று முடிவு செய்தேன் என்பதுதான் சரி. உங்கள் கடிதத்தின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது அதனால்தான்.

"வரவேற்கப் போனார்" என்று எழுதினீர்களே. அந்த இரண்டு சொல் ஐந்து நாள் என்னை வேலை செய்யவிடவில்லை. செவ்வாய்க்கிழமை கோட்டையின் காவல் பட்டியல்களைக் கேட்டு வாங்கினேன். யாரும் பார்க்காத கட்டு. எந்தச் சுவரில் எந்த நாள் எத்தனை பேர் நின்றார்கள் என்ற கணக்கு. அந்த வருடம் அதைத் தமிழில் எழுதியவர் சவரிமுத்து. அதே கை, அதே 'ள', வால் நீண்டது. கடிதம் எழுதிய அதே வாரத்தின் தாளும் இருக்கிறது.

கடறபககம ஆள 4
வடபககம ஆள 5
வாசல ஆள 2

பதினொரு பேர், ஐயா. கோட்டை முழுவதற்கும். தென்பக்கம் என்று எழுதி எதிரே வெறுமையாக விட்டிருக்கிறார்.

நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வாசிப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கலகக்காரர் என்று ஒருமுறை அவரைப் பிடித்தார்கள். இப்போது நான் அதையே புகழ்ச்சியாக்கி, இரண்டாம் முறை பிடிக்கவிருந்தேன்.

நேற்று நோராவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள்தான் கண்டீர்கள் என்றும் சொன்னேன். அவள் கேட்டாள்: "சிந்தியா, நான் கூடத்தை ஒரு புரட்சிக்காரனுக்காக எடுத்திருக்கிறேன். இப்போது உள்ளே யாரை வைப்பது?" அச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு வருடத் தாளையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அது நேராகவே சொல்லப்பட்டது.

பயமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இருந்த பயம் இல்லை, இது வேறு. நவம்பர் 8 வெள்ளிக்கிழமை ஹவுகெட்டோ வருகிறேன். டிசம்பர் முடிய இருக்கலாம். அதற்குப் பிறகு தெரியாது.

அந்தக் கடிதத்தில் நான் எழுதியதை மன்னித்துவிடுங்கள்.

அன்புடன்,
சிந்தியா


ஹவுகெட்டோ
26 ஒக்டோபர் 2024

அன்புள்ள பிள்ளை சிந்தியாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தேன். மழை பெய்தது. 'தென்பக்கம்' என்ற இடத்தில் மை கரைந்துவிட்டது. மன்னிப்பு ஒன்றும் வேண்டாம். நீங்கள் வரும் நாளுக்கு முன் இது உங்கள் கைக்கு வருமா என்று யோசனை. ஆகவே முக்கியமானதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வருமுன்பே நோரா இங்கே வந்தார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மணி அடித்தது, வெளியே உயரமாக ஒரு பெண். "நீங்கள்தானா அந்தப் புள்ளிக்காரர்?" என்று கேட்டார். எனக்கு நோர்வேஜிய மொழி மீன் தொழிற்சாலையில் வந்தது. கெட்ட வார்த்தைகள்தான் அதிகம் தெரியும். ராசமலரைக் கூப்பிட்டேன். நோராவுக்கு நம்பிக்கை இல்லை, பிள்ளை. தானே பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறார். சவரிமுத்துவின் தாளை மேசையில் வைத்து, "வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். "இரண்டு விதமாகவும் எழுதிக் காட்டுங்கள்" என்றார். எழுதினேன். என் பேனை தாளைக் கிழித்துவிடும் போல் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானே பேனையை வாங்கி 'ள' எழுதிப் பார்த்தார். வரவில்லை. சிரித்தார். "ஒரே ஒரு புள்ளி" என்று மூன்று தரம் சொன்னார்.

ராசமலர் சும்மா இருக்கவில்லை. "அந்தப் பிள்ளை பொய் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒருக்காலும் தெரிஞ்சிராது. தெரியாமலே திறந்திருப்பியள். இப்பிடி ஒரு ஆளை விட்டிட்டு வேறை ஆரைப் பிடிக்கப் போறியள்?" என்று கேட்டார். நோர்வேஜிய மொழியில் அவர் இன்னும் காரமாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். நோராவின் காது சிவந்தது.

போகும்போது நோரா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இரண்டு வருடம் இனி முடியாது. ஆனால் ஆனி மாதம் வரை முடியும். கூடத்தை மாற்றி எழுத ஒருவர் வேண்டும், அது உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது. அதற்கு ஆராய்ச்சிப் பிரிவும் கண்காட்சிப் பிரிவும் இரண்டும் கையொப்பம் வைக்க வேண்டுமாம். ஒரு பிரிவு வைத்துவிட்டது. மற்றது, அவர்கள் முதலில் வைக்கட்டும் என்று இருந்ததாம், இப்போது அவர்கள் வைத்தது தெரியாதாம். "ஒன்பது நாளிலை முடியுமோ எண்டு கேளுங்கோ" என்று ராசமலரிடம் சொன்னேன். நோரா என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நாள் காலையில் தானே இரண்டு மாடியும் ஏறி இறங்கி வாங்கிவிட்டதாக ராசமலரின் போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். ஆகவே ஆனி வரை உங்களுக்கு வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று நீங்கள் யோசிப்பீர்கள். நானும் யோசிக்கிறேன். எட்டு மாதம் இருக்கிறது யோசிக்க.

அடுத்தது சங்கம். நான்தான் ஊதிப் பெருப்பித்தவன், நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். இன்று காலையில் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். சவரிமுத்து ஆட்சி கேட்கவில்லை, பதினொரு பேரை வைத்துக்கொண்டு ஆள் கேட்டார், கேட்டதற்கு விலங்கு போட்டார்கள் என்று. ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

யோகராசா கேட்டார்: "அப்ப அவன் பயந்து போய் உதவி கேட்டவனோ?"

"ஓம் தம்பி. பயந்துதான் கேட்டவன். ஆனால் சுவரை விட்டுப் போகேல்லை."

"நீங்கள் கதிரை அடுக்கினது எனக்குத் தெரியும் அண்ணை. காருக்குள்ளை இருந்து பாத்தனான்" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே வந்து என்னை ஹவுகெட்டோ வரை காரில் கொண்டுவந்து விட்டார். வழியில் பந்து விளையாட்டுச் செய்தி மட்டும்தான் போட்டார்.

பிள்ளை, எனக்கு இன்னும் சவரிமுத்துவின் கடைசி நாள் மனதை விட்டுப் போகவில்லை. கப்பலைக் கண்டதும் அவர் அந்தப் பதினொரு பேரிடமும் என்ன சொல்லியிருப்பார்? உடுப்பைச் சரிபண்ணுங்கள் என்று சொல்லியிருப்பார். அதை நினைத்தால் பேனை நின்றுவிடுகிறது.

கீழ் வீட்டில் ஹீட்டரைப் புதன்கிழமையிலிருந்தே போட்டு வைக்கிறேன். நீங்கள் வந்துவிட்டால் கடிதத்துக்கு வேலை இல்லை என்று ராசமலர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படியில் கண்டு கதைக்கும்போது நான் சொல்வது ஒன்று, இந்தத் தாளுக்கு முன் இருக்கும்போது வருவது வேறு. எழுத்தும் கொஞ்சம் நேராக வருகிறது, பார்த்தீர்களா? ஆகவே அடுத்த கிழமையும் எழுதுவேன். கோபன்ஹேகனுக்கா கீழ் வீட்டுக்கா என்று அன்றைக்குப் பார்த்து முகவரி போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு
அருட்செல்வம்